வழி சொல்வோரின் கடன்

பள்ளி இறுதித் தேர்வு முடிந்து அதன் முடிவுகள் வெளிவருவதற்கு இடைப்பட்ட சில வாரங்களில் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே. "அடுத்து என்ன?" என்பதே அது. லேக் மார்க்கெட் வட்டாரத்தில் மூன்று தலைமுறைகளாக வாழும் குடும்பமாயினும், சென்ற ஆண்டு மாற்றலாகி வந்து கொல்கத்தாவில் குடியேறிய குடும்பமாயினும் இக்கேள்வியின் முன் ஒரே நிலையில்தான் நிற்கின்றன. கேள்வி பிள்ளையினுடையது, விடை சொல்ல முன்வருவோரோ பலர். பெற்றோர் சொல்கின்றனர், மாமாவும் சித்தப்பாவும் சொல்கின்றனர், ஆசிரியர் சொல்கிறார், அடுத்த வீட்டுக்காரரும் சொல்கிறார். கட்டணம் பெற்றுக்கொண்டு வழி சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்களும் இக்காலத்தில் பெருகிவிட்டனர்.

இத்தனை பேர் வழங்கும் இவ்வறிவுரையை அறத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போர் மிகச் சிலரே. ஒருவன் நமக்குப் பத்து ரூபாய் கடன் தந்தால் அவன் உரிமை என்ன, நம் கடமை என்ன என்று தெளிவாக அறிவோம். ஒருவன் நம் பிள்ளையின் நாற்பதாண்டு உழைப்புக்கு வழி சொன்னால், அவன் எதற்குப் பொறுப்பாளி? அவன் சொன்னது பொய்த்தால் யாருக்குக் கடன்பட்டவன்? அவன் அறிந்தது அவனுக்கே உரியதா, அன்றி அவனைப்போல் வழி சொல்லும் பிறரோடும் பகிர்ந்துகொள்ளக் கடமைப்பட்டவனா? இவ்வினாக்களை நம் நகரத்தின் வரலாற்றோடு பொருத்திச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடிதம் கண்ட வழி

தமிழர் கல்கத்தாவுக்கு வந்த வரலாறே ஒருவகையில் அறிவுரையின் வரலாறுதான். 1911-ஆம் ஆண்டு வரை இந்தியாவின் தலைநகராக விளங்கிய இந்நகரில் கணக்கு அலுவலகங்களும், இரயில்வேத் தலைமையகங்களும், கிளைவ் தெரு வணிக நிறுவனங்களும் நிறைந்திருந்தன. தலைநகர் தில்லிக்குப் பெயர்ந்த பின்னரும் அவை உடனே மறைந்துவிடவில்லை. ஆங்கிலம் அறிந்தோர்க்கும், கணக்கறிந்தோர்க்கும், விரைந்து எழுதத் தெரிந்தோர்க்கும் அங்கே இடமிருந்தது. அச்செய்தி தஞ்சைக்கும் திருநெல்வேலிக்கும் பாலக்காட்டுக்கும் கடிதங்கள் வழியே சென்றது. "தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுத் தேறிப் புறப்பட்டு வா, மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்பதே பெரும்பாலான கடிதங்களின் சாரம். பல குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றியவை இவ்வொற்றை வாக்கியக் கடிதங்களே.

அக்கால அறிவுரையில் ஒரு பெருமையும் ஒரு குறையும் இருந்தன. பெருமை யாதெனில், சொன்னவர் சொல்லோடு நின்றுவிடவில்லை. ஹவுரா நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனார். தம் அறையிலேயே பாய் விரிக்க இடம் தந்தார். மெஸ்ஸில் தம் கணக்கில் உணவு சொன்னார். வேலை கிடைக்கும் வரை வாடகையில் பங்கு கேட்கவில்லை. அவர் சொன்னது பொய்த்துப்போனால் அதன் சுமையில் ஒரு பகுதி அவர் தோளிலேயே விழுந்தது. அறிவுரைக்கும் பொறுப்புக்கும் இடையே அன்று இடைவெளி இல்லை.

குறை யாதெனில், அவர் அறிந்தது ஒரே வழி. தாம் வந்த வழியையே பிறர்க்கும் காட்டினார். ஓவியம் வரையும் கை படைத்தவனும், இயந்திரத்தைப் பிரித்து மாட்டும் கை படைத்தவனும், கன்றுகாலிகளிடம் அன்பு கொண்டவனும் ஒருபடித்தாய்த் தட்டச்சுப் பயிலகத்துக்கே அனுப்பப்பட்டனர். பெண்மக்களைப் பற்றியோ கேள்வியே எழவில்லை. அறிவுரை அன்பில் முதிர்ந்திருந்தது, அறிவில் குறுகியிருந்தது.

திறந்திருந்த ஒரு கதவு

இக்குறுகிய வழியினூடே வந்து, வழியையே மாற்றிக்கொண்ட ஒரு தமிழரை இந்நகரம் நன்கறியும். சந்திரசேகர வெங்கட ராமன் 1907-இல் நிதித் துறையில் உதவிக் கணக்காயராகக் கல்கத்தா வந்தார். அவருடைய அறிவியல் நாட்டத்துக்கு மேற்படிப்பென்றால் அந்நாளில் இங்கிலாந்துதான். அந்நாட்டுத் தட்பவெப்பம் அவர் உடலுக்கு ஒவ்வாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே அவர் நிதித்துறைத் தேர்வை எழுதினார். அந்நாளைய நிலையில் அது நல்ல அறிவுரையே. அரசு உத்தியோகம், உயர்ந்த சம்பளம், சமுதாய மதிப்பு ஆகிய மூன்றும் இருபது வயது நிரம்பாத இளைஞர் ஒருவருக்குக் கிட்டின.

பௌபஜார் தெருவின் 210-ஆம் எண் கட்டடத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் தோற்றுவித்த நிறுவனம் அது. அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே சென்று ஆய்வு நடத்த ராமனுக்கு இசைவு கிடைத்தது. இடையே ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்று 1911-இல் அவர் திரும்பி வந்தபோதும் அந்தக் கதவு திறந்தே இருந்தது. ஆசுதோஷ் முகர்ஜி அழைக்க, 1917-இல் அரசு வேலையை விட்டு, குறைந்த சம்பளத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். 1930-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இவ்வரலாற்றை எடுத்துக்காட்டி, "உன் உள்ளம் விரும்புவதைச் செய், வேலையை உதறு" என்று இளைஞர்க்கு உபதேசிப்பது எளிது. அது முறையான பாடமன்று. ராமன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் சம்பளத்தைக் கைவிடாமலேயே தம் ஆர்வத்தைச் சோதித்துப் பார்த்தார். அவருக்கு உதவியது அறிவுரையாளர் ஒருவரின் தீர்க்கதரிசனமும் அன்று. அறிவைப் பூட்டி வைக்காத ஒரு நிறுவனமும், தகுதியைக் கண்டு அழைத்த ஒரு துணைவேந்தரும் அவருக்கு வாய்த்தனர். ஒருவனுக்கு எத்தொழில் பொருந்தும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட எவராலும் இயலாது. ஆயின் அவன் தானே கண்டுகொள்ளக் கதவுகளைத் திறந்து வைக்க எல்லாராலும் இயலும். வழிகாட்டும் தொழிலின் முதற்பாடம் இதுவே எனலாம்.

தொழிலாக மாறிய அறிவுரை

உறவினர் சொல்லி வந்த அறிவுரை ஒரு தனித் தொழிலாக உருவெடுத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-இல் தொழில் வழிகாட்டல் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். வேலை தேடி நகரத்துக்கு வந்து குவிந்த ஏழை இளைஞர்களும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் வாழ்ந்த பகுதியில் அவர் பணி அமைந்தது. ஒருவன் முதலில் தன்னை அறிய வேண்டும். அடுத்துத் தொழில்களை அறிய வேண்டும். பின்னர் இவ்விரண்டுக்கும் உள்ள பொருத்தத்தை ஆராய்ந்து தெளிய வேண்டும் என்று மூன்று படிகளை அவர் வகுத்தார். அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே அவர் மறைந்தார். அவர் எழுதி வைத்திருந்தவை 1909-இல் நூலாக வெளிவந்தன. ஓராண்டுக்கும் குறைவாகவே தொழில் புரிந்த ஒருவரின் அனுபவம் நூறாண்டுகளுக்கு மேல் நிலைத்ததற்குக் காரணம், அவர் அதைத் தம்மோடு கொண்டு போகாமல் எழுதி வைத்தமையே. 1913-இல் அந்நாட்டு வழிகாட்டிகள் ஒரு சங்கமாகவே கூடினர்.

அதே பாஸ்டனின் அருகிருந்த ஹார்வர்டில் ஹ்யூகோ மன்ஸ்டர்பர்க் என்னும் உளவியல் பேராசிரியர் இன்னொரு நோக்கில் இத்துறையை அணுகினார். மின்சார டிராம் ஓட்டுவோரைத் தேர்ந்தெடுப்பதற்கான சோதனை ஒன்றை அவர் வகுத்தார். விபத்து குறைய வேண்டும். தக்கவன் கையில் வண்டி இருக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். பார்சன்ஸ் இளைஞனின் பக்கத்தில் அமர்ந்து "உனக்கு எந்த வேலை பொருந்தும்?" என்று கேட்டார். மன்ஸ்டர்பர்க் நிறுவனத்தின் பக்கத்தில் அமர்ந்து "இவ்வேலைக்கு எவன் பொருந்துவான்?" என்று கேட்டார். திருக்குறளின் 'தெரிந்துவினையாடல்' என்னும் அதிகாரம் அரசியலில் இடம்பெற்றிருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வினைக்கு ஆளைத் தேரும் அரசனுக்கு உரைத்த அறம் அது. ஆளுக்கு வினையைத் தேரும் அறம் மக்களாட்சிக் காலம் நம்மிடம் கேட்கும் புதிய அறமாகும்.

இவ்வறிவு நம் நகரத்துக்கு வந்து சேர்ந்த விதம் வியப்புக்குரியது. மன்ஸ்டர்பர்க்கிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தாவைத் தலைவராகக் கொண்டு 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியல் துறை தொடங்கியது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் அதுவே முதலாவது. 1924-இல் இந்திய உளவியல் சங்கம் தோன்றியது. கிரீந்திரசேகர் போஸ் துறைத் தலைவராக இருந்த 1938-இல், அங்கே பயன்முறை உளவியல் பிரிவு ஏற்பட்டு, கல்வி, தொழில் வழிகாட்டல் ஆகியவற்றில் ஆராய்ச்சி தொடங்கிற்று. இந்தியாவில் வழிகாட்டல் இயக்கத்தின் தொடக்கம் என்று இதனையே குறிப்பர். பின்னர்ப் பம்பாயில் 1941-இல் பாட்லிபாய் பெயரால் ஒரு நிலையமும், 1947-இல் பார்சி பஞ்சாயத்தின் சார்பில் ஒரு நிலையமும் எழுந்தன. ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் பிள்ளைகளுக்காகத் தானே ஒரு வழிகாட்டல் நிலையம் கண்டது என்னும் இச்செய்தியைக் கொல்கத்தாத் தமிழர்களாகிய நாம் மனத்திற் கொள்வது நலம்.

அரசும் வாளா இருக்கவில்லை. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1945-இல் தொடங்கப்பட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள், நாடு பிளவுண்டபின் இடம்பெயர்ந்து வந்தோர்க்கும், 1948 முதல் அனைவர்க்கும் திறக்கப்பட்டன. தொழில்களையெல்லாம் வகைப்படுத்தி எண்ணிட்ட தேசியத் தொழில் பட்டியல் 1958-இல் வெளிவந்து, பலமுறை திருத்தப்பட்டு, 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏறத்தாழ 3,600 தொழில்களைக் கொண்டு விளங்குகிறது. ஒரு சராசரிக் குடும்பத்தில் பிள்ளையின் எதிர்காலம் பற்றிய உரையாடலில் எத்தனை தொழில்களின் பெயர்கள் அடிபடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பத்தைத் தாண்டுவது அருமை. பட்டியலுக்கும் உரையாடலுக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியே வழிகாட்டியின் பணிக்களம்.

காலம் தாழ்ந்து வரும் விடை

இனி நம் வினாவின் மையத்துக்கு வருவோம். மருத்துவர் ஒருவர் மருந்து தந்தால், காய்ச்சல் தணிந்ததா என்பது மூன்று நாளில் தெரிந்துவிடும். சமையற்காரர் உப்பு மிகையாக இட்டால் அந்தப் பந்தியிலேயே தெரிந்துவிடும். தாம் செய்ததன் பலனைத் தாமே கண்டு, அடுத்த முறை திருத்திக்கொள்ள அவர்களால் இயலும். தொழில் வழிகாட்டிக்கு இவ்வாய்ப்பு இல்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அவர் ஒரு மணிநேரம் வழி சொல்கிறார். அது சரியா தவறா என்பது அப்பிள்ளைக்கு முப்பத்தைந்து வயதாகும்போது ஒருவேளை தெரியலாம். அப்போது அப்பிள்ளை எந்த ஊரிலோ, வழிகாட்டி எங்கேயோ. விடை வந்து சேர்வதற்குள் அதே அறிவுரையை அவர் ஆயிரம் பேருக்குச் சொல்லி முடித்திருப்பார்.

ஆகவே இத்தொழிலில் தனியொருவர் தம் சொந்த அனுபவத்தை மட்டும் கொண்டு தேர்ச்சி பெறுதல் அரிதினும் அரிது. முப்பதாண்டுகள் வழிகாட்டினேன் என்று ஒருவர் கூறலாம். சொன்னதன் முடிவை அறியாதவரையில் அது முப்பதாண்டு அனுபவமன்று. ஓராண்டு அனுபவத்தை முப்பது முறை திரும்பச் செய்ததேயாகும். பலர் தாம் சொன்னதையும், அது விளைத்ததையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தால்தான் இத்துறையில் அறிவு என்பது பிறக்கவே முடியும். பிற தொழில்களில் அறிவைப் பகிர்வது பெருந்தன்மை. இத்தொழிலில் அது தொழிலின் உயிர்நிலை.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்தெண்ண வேண்டும். வழி சொன்னவர் தவறினால் அதன் விலையைக் கொடுப்பவர் அவரல்லர், கேட்டவரே. பிறர் விலை கொடுத்து நாம் பெற்ற அறிவை நம்முடைய தனிச்சொத்து என்று பூட்டி வைத்தல் எவ்வகையில் நியாயம்? ஓர் இளைஞன் ஐந்தாண்டுகளை இழந்து நமக்கு ஒரு பாடம் கற்பித்தான் எனில், அப்பாடத்துக்கு நாம் கடன்பட்டவர்கள். அவனிடம் அக்கடனைத் தீர்க்க இயலாது. அவனுக்குப்பின் வருவோரிடமே தீர்க்க இயலும். அவர்கள் நம்மிடமே வருவார்கள் என்பதில்லை. வேறொரு வழிகாட்டியிடமும் செல்லலாம். ஆகவே அவ்வழிகாட்டியோடு பகிர்வதே கடன் தீர்க்கும் வழி.

அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு வாழ்வோர்க்கு இக்கருத்து புதிதன்று. ஓர் ஆணை பிறக்குமுன் அதற்கான காரணம் கோப்பின் குறிப்புப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். எழுதியவர் மாற்றலாகிப் போகலாம், ஓய்வு பெறலாம், ஆயினும் அவர் நாற்காலிக்கு வருபவர் குறிப்பைப் புரட்டி, எக்காரணத்தால் இம்முடிவு எடுக்கப்பட்டது என்று அறிந்து, காரணம் மாறியிருந்தால் முடிவையும் மாற்றலாம். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கப்பட்ட தொழில் அறிவுரைகள் குறிப்பில்லாத ஆணைகள். ஆணை மட்டும் வாழ்ந்தது, காரணம் மறைந்துவிட்டது. "தட்டச்சு கற்றுக்கொள்" என்பதற்குக் காரணமாயிருந்த வணிக நிறுவனங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்ட பின்னும் தட்டச்சுப் பயிலகங்களில் நம் பிள்ளைகள் வரிசையில் நின்றனர்.

இரண்டு அறிவுகள் சந்திக்காத நகரம்

கொல்கத்தாவே இதற்குச் சான்று பகரும். மகாலனோபிஸ் உருவாக்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், நகரின் வடபுறம் உள்ள பராநகரில், 1950-களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து ஒரு கணிப்பொறி வந்து இறங்கியது. இந்தியாவுக்கு வந்த முதல் எண்முறைக் கணிப்பொறி அது. அதே ஆண்டுகளில், சில மைல் தொலைவில், தென் கல்கத்தாவின் தமிழ்க் குடும்பங்களில் சுருக்கெழுத்தில் நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் எழுதுவதே எதிர்காலத்துக்கு உறுதி என்று சொல்லப்பட்டு வந்தது. சொன்னோர் அறிவிலார் அல்லர். பராநகரில் இருந்தோர் தம் அறிவை மறைத்தவரும் அல்லர். இருவகை அறிவும் சந்திப்பதற்கு ஓர் இடம் இருக்கவில்லை, அவ்வளவே.

1960-களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் இந்நகரின் இலாக்கோ ஹவுஸ் கட்டடத்தில் கணிப்பொறி நிறுவ முற்பட்டபோது ஊழியர்கள் அதைக் கடுமையாக எதிர்த்துப் போராடினர். அவர்கள் அச்சம் பொருளற்றதென்று சொல்வதற்கில்லை. இயந்திரம் வந்தால் எத்தனை இருக்கைகள் காலியாகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எத்தனை புதிய இருக்கைகள், எங்கே, எவருக்கு உண்டாகும் என்பதைச் சொல்வார் இல்லை. இழப்பு கண்முன் இருந்தது. ஆக்கம் கண்காணாத் தொலைவில் இருந்தது. அவ்விரண்டையும் ஒருங்கே எடுத்துரைக்க வல்ல வழிகாட்டிகள் அன்று ஒவ்வோர் அலுவலகத்திலும் இருந்திருப்பின், போராட்டம் நின்றிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. அவ்வூழியர்களின் பிள்ளைகளேனும் இன்னும் சற்று முன்னரே ஆயத்தமாகியிருப்பர். 2022-க்குப்பின் எழுதவும் வரையவும் நிரல் இயற்றவும் வல்ல செயற்கை அறிவு இயந்திரங்கள் பரவிவரும் இந்நாளில் அதே நிலை மீண்டும் நம் வாயிலில் நிற்கிறது.

எதிர்வாதங்கள் மூன்று

அறிவைப் பகிர வேண்டும் என்னும் இக்கொள்கைக்கு மறுப்புகள் உண்டு. அவற்றைக் கேளாமல் முடிவு கூறுதல் முறையாகாது.

முதலாவது, "வழிகாட்டுவதே என் பிழைப்பு. நான் அறிந்ததையெல்லாம் ஊருக்கு வழங்கிவிட்டால் என் அடுப்பு எரிவது எங்ஙனம்?" என்பது. இக்கேள்வியில் நியாயம் உண்டு. அடுப்பை ஏளனம் செய்யும் அறம் அறமாகாது. ஆயின் வழிகாட்டி விற்பது எது என்று பிரித்தறிய வேண்டும். அவர் செலவிடும் நேரம், பொறுமையோடு கேட்கும் செவி, இப்பிள்ளைக்கு இப்போது எதைச் சொல்லலாம் என்று தேரும் நுட்பம் ஆகியவை அவருடையவை. அவற்றுக்குக் கட்டணம் பெறுதல் முறையே. எந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விட்டது, எந்த வாக்குறுதி பொய்த்தது என்னும் செய்திகளோ அவரிடம் வந்து போனவர்களின் வாழ்க்கையிலிருந்து திரண்டவை. முன்னதை விற்கலாம், பின்னது பொதுச்சொத்து. ஒரு கல்லூரியிடம் தரகு பெற்றுக்கொண்டு அக்கல்லூரிக்கே பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அதை வழிகாட்டல் என்று சொல்பவரை இக்கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அவர் வழிகாட்டியல்லர், வாணிகர்.

இரண்டாவது, "என்னை நம்பி ஒருவன் தன் மனத்தைத் திறந்தான்; அதைப் பிறரிடம் சொல்வது நம்பிக்கைத் துரோகமன்றோ?" என்பது. மிகச் சரியான அச்சம் இது. ஒரு சிறு சமூகத்தில், பெயர் சொல்லாவிட்டாலும் இன்னார் பிள்ளை என்பது எளிதில் தெரிந்துவிடும். ஆகவே பகிர்வதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஆளைச் சொல்லாமல் வழியைச் சொல்லலாம். வீட்டுச் செய்தியைச் சொல்லாமல் தொழிற்செய்தியைச் சொல்லலாம். ஐயம் வந்தால் சொல்லாமலே விட்டுவிடலாம்.

மூன்றாவது மறுப்பே மூன்றிலும் ஆழமானது. வழிகாட்டிகள் எல்லாரும் ஒன்றுகூடிப் பேசினால், எல்லாரும் ஒன்றையே சொல்லத் தலைப்படுவர். முன்னர் ஊர்முழுதும் தட்டச்சுக்கு ஓடியது போல, பின்னர்ப் பொறியியலுக்கு ஓடியது போல, கூட்டாகச் செய்யும் தவறு இன்னும் பெரிதாகிவிடும் என்பது அது. அனுபவம் இதற்குச் சான்று கூறுவதால் இதை எளிதாகத் தள்ளிவிட இயலாது. நம் விடை இதுதான்: முடிவுகளைப் பகிர்ந்தால் ஆட்டுமந்தை உண்டாகும், காரணங்களையும் தவறுகளையும் பகிர்ந்தால் அறிவு உண்டாகும். "இந்தப் படிப்பே சிறந்தது" என்று ஒரு வழிகாட்டி இன்னொருவரிடம் சொல்வதில் பயனில்லை. "இன்ன சூழ்நிலையில் இன்ன காரணத்தால் இப்படிச் சொன்னேன், இன்னது நேர்ந்தது" என்று சொல்வதே பயன் தரும். கேட்பவர் தம்மிடம் வந்திருக்கும் பிள்ளையின் சூழ்நிலை அதனின் வேறுபடுவதைக் கண்டு வேறு வழி சொல்லவும் அது இடம் தரும்.

செய்தி பெருகியது, செவி?

இன்று செய்திக்குப் பஞ்சமில்லை. நடுவண் அரசு 2015-இல் தேசிய வாழ்க்கைத்தொழில் சேவையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2022-இல் 'நான் முதல்வன்' திட்டம் தோன்றி, பள்ளி, கல்லூரி மாணவர்க்கு மேற்படிப்பும் தொழிலும் பற்றிய வழிகாட்டலைக் கொண்டு சேர்க்க முனைந்துள்ளது. பெங்களூரில் பணியாற்றும் கிதியோன் அருள்மணி, நாக்-அருள்மணி ஆகிய இருவரும் தொழில் வழிகாட்டலுக்கென 2004-இல் வெளியிட்ட கையேடு, மேலைநாட்டுச் சோதனைகளை அப்படியே இறக்குமதி செய்யாமல், இந்தியக் குடும்பத்தின் நம்பிக்கைகளையும் சமூகச் சூழலையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை வலியுறுத்தியது. நம் நாட்டில் பிள்ளை தனியாக வழி தேர்வதில்லை; குடும்பமே தேர்கிறது என்பதை உணர்ந்தோர் கூற்று அது.

எனினும் செய்தி வேறு, அறிவுரை வேறு. 3,600 தொழில்களின் பட்டியலை ஒரு பிள்ளையின் கையில் கொடுப்பது, திசைகாட்டி இல்லாதவனிடம் கடலைக் கொடுப்பதாகும். வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைக்கென்று சில தனி இடர்ப்பாடுகள் உண்டு. தமிழ்நாட்டின் இட ஒதுக்கீட்டு முறைகள் அவனுக்குப் பெரும்பாலும் எட்டா. மேற்கு வங்கத்தின் முறைகளை அவன் பெற்றோர் முழுதும் அறியார். தனிச் செல்வங்களும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் என நான்கு மொழிகளில் அவன் புழங்குகிறான். அது ஒரு திறமை என்று அவனுக்கு எவரும் சொல்வதில்லை. எந்தச் சோதனைத் தாளும் அதற்கு மதிப்பெண் இடுவதில்லை. இவற்றை அறிந்து சொல்ல வல்லவர் தொலைவிலுள்ள நிபுணர் அல்லர். நம்மிடையே வாழ்ந்து, அவ்வழியிலேயே நடந்து தேறியவர்களே.

அத்தகையோர் நம் சங்கங்களில் நிறைய உள்ளனர். இரயில்வேயில் ஓய்வு பெற்றோர், வங்கியில் பணியாற்றுவோர், கணக்காய்வாளர், செவிலியர், ஆசிரியை, சால்ட் லேக் மென்பொருள் அலுவலகங்களில் பணிபுரியும் இளைஞர், சொந்தமாகச் சிற்றுண்டிச் சாலை நடத்துவோர் என எத்தனையோ வழிகள் ஒரே மண்டபத்தில் பொங்கல் விழாவுக்கு அமர்ந்திருக்கின்றன. பாட்டும் பட்டிமன்றமும் கேட்டுவிட்டுப் பிரிந்து செல்கின்றன. ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் இவர்கள் ஒருங்கமர்ந்து, தமக்கு யார் என்ன சொன்னார்கள், தாம் யாருக்கு என்ன சொன்னார்கள், என்ன நேர்ந்தது என்று மனந்திறந்து பேசினால் எவ்வளவு நலம்! வென்றோர் மட்டுமின்றி, பாதியில் வழி மாறியோரும் பேச வேண்டும். ஆடவர் மட்டுமின்றி, படிப்பு முடித்தும் வேலைக்குப் போக இயலாமல் நின்றுவிட்ட பெண்டிரும் பேச வேண்டும். பேசியவற்றுள் சொல்லத்தக்கவற்றைப் பெயர் நீக்கி ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு அதே ஏட்டைத் திறந்து, எது இன்றும் பொருந்தும், எது காலாவதியாயிற்று என்று திருத்துதல் வேண்டும். பெருஞ்செலவு எதுவும் இல்லை. ஒரு கட்டுத் தாளும், உண்மை பேசும் துணிவும் போதும்.

பழைய மெஸ் அறையில் பாய் விரிக்க இடம் தந்தவரின் அன்பை நாம் இழந்துவிடலாகாது. அவரிடம் இல்லாதிருந்த பரந்த அறிவை இன்று நாம் பெற முடியும். அன்பும் அறிவும் சேர்ந்த வழிகாட்டல் தனியொருவரிடம் பிறப்பதன்று. பலர் கூடி, தாம் அறிந்ததையும் அறியாததையும் ஒருவர்க்கொருவர் மறைக்காத இடத்திலேயே அது பிறக்கும். பிறர் பிள்ளைக்கு வழி சொல்ல நமக்கு உரிமை உண்டா என்று கேட்டால், சொன்னதற்குக் காரணம் காட்டவும், பலனைத் தேடி அறியவும், அறிந்ததைப் பகிரவும் ஆயத்தமாய் இருப்பவருக்கு உண்டு என்பதே நம் விடை.